வீட்டுக்கு அடியில் ஒரு சினிமாக் கொட்டகை!
சிக்கனமாக அமைப்பது எப்படி?

மதுரைக்காரருக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டது அல்ல.

1937-ம் ஆண்டில் தியாகராஜ பாகவதர் நடித்த "சிந்தாமணி" படம் வெளிவந்தது. அதில் கிடைத்த லாபத்தைக் கொண்டு மதுரையில் ஒரு கொட்டகையே கட்டினார்கள். அதற்குச் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். 1952-ம் ஆண்டு தீபாவளிக்கு "பராசக்தி" படத்துடன் தங்கம் தியேட்டர் திறக்கப்பட்டது. அதில் 2,500 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் உட்கார்ந்து படம் பார்க்கலாம். ஆசியாவிலேயே பெரிய கொட்டகை என்று அதற்குப் பெயர்!

இன்று அந்த இரண்டும் இல்லை. அவை இருந்த இடத்துக்கு ஜவுளிக் கடைகள் வந்துவிட்டன.

கொட்டகை போனால் என்ன? கொட்டகையை வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டால் போகிறது என்று நினைக்கிறவர்கள் பெருகி வருகிறார்கள். அமெரிக்காவில் இது பழைய பழக்கம். அங்கே குளிர் மிகுந்த மாநிலங்களில் வீட்டுக்கு அடியில் ஓர் அறை இருக்கும். அதை முழுதும் கட்டி முடிக்காமல் விட்டு வைத்திருப்பார்கள். கையில் காசு சேரும்போது, அதுவே குடும்பத்தின் சினிமாக் கொட்டகை ஆகிவிடும்.

தல்லாகுளத்தில் இது நடக்குமா? நடக்கும். ஆனால் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும். கணக்குத் தப்பினால், படம் ஓடுவதற்கு முன்பே பணம் ஓடிவிடும்!

பேஸ்மென்ட் வேறு, நிலவறை வேறு

நம் ஊர்க் கொத்தனாரிடம் "பேஸ்மென்ட்" என்று சொன்னால், அவர் தரைக்குக் கீழே பார்க்க மாட்டார். வானம் தோண்டி, அஸ்திவாரம் போட்டு, தரைக்கு மேலே இரண்டு மூன்று அடி எழுப்புகிறார்களே, அதுதான் அவருக்குப் பேஸ்மென்ட். தரைக்குக் கீழே உள்ள அறைக்கு நிலவறை என்பதே சரியான சொல்.

மனை விலை ஏறிப்போன பகுதிகளில் சிலர் கார் நிறுத்தக் கீழேயும் தோண்டுகிறார்கள். மேலே வீடு கட்டி முடிப்பதற்குள் கைப்பணம் கரைந்துவிடுகிறது. கீழ் அறை பூசாமல், தரை போடாமல் கிடக்கிறது. மண்வெட்டியும் சிமெண்டுச் சாக்கும் அங்கே குடியிருக்கும்!

அந்த அறையைத்தான் கொட்டகை ஆக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது, மாநகராட்சி அனுமதித்த வரைபடம். அதில் கார் நிறுத்தும் இடம் என்று குறித்திருந்தால், மாற்றுவதற்கு முன்பு பொறியாளரைக் கலந்துகொள்ள வேண்டும்.

முதல் எதிரி தண்ணீர்

தல்லாகுளத்தின் பெயரிலேயே குளம் இருக்கிறது. 2024-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி மதுரையில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செல்லூர் முதலிய இடங்களில் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. தரை மட்டத்தில் உள்ள வீட்டுக்கே அந்தக் கதி என்றால், தரைக்குக் கீழே உள்ள அறையின் நிலை என்ன?

ஆகவே, ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு முறை வந்து போகட்டும். அதுவரை ஒரு கருவியும் வாங்க வேண்டாம். மழைக் காலத்தில் சுவரில் எங்கே ஓதம் ஏறுகிறது, எந்த மூலையில் கசிகிறது என்று கரித்துண்டால் குறித்து வையுங்கள்.

செலவு இல்லாத சோதனை ஒன்றும் உண்டு. இரண்டு அடிச் சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை எடுத்து, சிமெண்டுத் தரையில் நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கு அடியில் முத்து முத்தாக நீர் இருந்தால், மண்ணில் இருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். தாளுக்கு மேலே நீர் இருந்தால், அது காற்றில் உள்ள ஈரம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முதலாவதற்குத் தண்ணீர் தடுக்கும் பூச்சு வேண்டும். இரண்டாவதற்குக் காற்றோட்டம் போதும்.

பூசாத சுவர் நல்லது

அறை முடிவடையாமல் கிடக்கிறதே என்று வருந்த வேண்டாம். அதுவே பெரிய லாபம்! பூசி முடித்த சுவரை உடைத்துக் குழாய் பதிப்பதற்கு இரட்டைச் செலவு. பூசாத சுவரில் அந்தச் செலவு இல்லை.

மின்சாரக் கம்பிக்கு ஒரு குழாய், ஒலிபெருக்கிக் கம்பிக்கு வேறு குழாய் என்று தனித்தனியாகப் பதிக்க வேண்டும். படக் கருவிக்குப் போகும் குழாய் 2 அங்குல அகலம் இருக்கட்டும். பத்து ஆண்டு கழித்துக் கம்பியின் வகை மாறினாலும், பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செலுத்தலாம்.

திரை எவ்வளவு?

அறை 18 அடி நீளம், 11 அடி அகலம், 9 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். மூலைக்கு மூலை 100 அங்குலம் உள்ள திரை இதற்குப் போதும். அதன் அகலம் 7 அடி 3 அங்குலம். உயரம் 4 அடி 1 அங்குலம்.

இந்தத் திரைக்கு 10 அடி முதல் 13 அடி வரை தள்ளி உட்கார்ந்தால் கண் உறுத்தாது. 11 அடியில் சோபாவைப் போடலாம். பின்சுவரை ஒட்டிப் போடக் கூடாது. அங்கே தடித்த ஓசை எல்லாம் திரண்டு "கும்" என்று முழங்கும்; பேச்சு விளங்காது. பின்னால் மீதி உள்ள இடத்தில் ஓர் அடி உயரத் திண்ணை கட்டினால், இரண்டாவது வரிசையும் தயார். முன்னால் இருப்பவர் தலை மறைக்கிறது என்ற சண்டையும் இல்லை!

திரைக்கென்று தனிப் பணம் வேண்டாம். சுவரை நன்றாகப் பட்டி பார்த்து, மினுக்கம் இல்லாத வெள்ளை வர்ணம் அடித்தாலே போதும். மற்றச் சுவர்களுக்கும் கூரைக்கும் இருண்ட நிறம். வெள்ளைக் கூரை, திரையின் ஒளியைத் திருப்பி அடித்துப் படத்தை வெளுக்கச் செய்துவிடும்.

பத்தாயிரம் என்று சொன்னால் நம்பாதீர்கள்

படக் கருவி வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். விலை குறைந்த கருவியின் பெட்டியில் "10,000 லூமன்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். லூமன் என்பது ஒளியின் அளவு.

உண்மையில் எவ்வளவு தேவை? சினிமாக் கொட்டகைகளில் திரைக்கு இவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று ஓர் அளவு வகுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கின்படி 100 அங்குலத் திரைக்கு ஏறத்தாழ 420 லூமன் போதும்! நிபந்தனை ஒன்றுதான். அறை நல்ல இருட்டாக இருக்க வேண்டும். நிலவறையில் இருட்டுக்கா பஞ்சம்? மாடி அறையில் பகல் வெளிச்சத்தோடு மல்லுக்கட்டப் பெரிய கருவி வேண்டும். கீழே சிறியது போதும். அதுவே நிலவறையின் சிக்கனம்.

பெட்டியில் வெறும் "லூமன்" என்று இருந்தால் விட்டுவிடுங்கள். "அன்சி லூமன்" என்று எத்தனை போட்டிருக்கிறது என்று பாருங்கள். விளக்கு நாளடைவில் மங்கும். ஆகவே 600, 700 என்று வாங்குவது புத்திசாலித்தனம்.

மெத்தை சொன்ன பாடம்

வெறும் சிமெண்டு அறையில் கை தட்டிப் பாருங்கள். ஓசை அடங்காமல் எதிரொலிக்கும். அங்கே எவ்வளவு விலை உயர்ந்த ஒலிபெருக்கி வைத்தாலும் பயன் இல்லை.

1895-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு இதே தொல்லை வந்தது. புதிதாகக் கட்டிய சொற்பொழிவு மண்டபத்தில், பேசிய ஒரு சொல் அடங்க ஐந்தரை விநாடி ஆயிற்று. அதற்குள் பேச்சாளர் பத்துப் பன்னிரண்டு சொற்களைப் பேசிவிடுவார்! வாலஸ் சேபின் என்ற இளம் பேராசிரியரை அழைத்து, இதைச் சரி செய் என்றார்கள். அவர் பக்கத்து நாடக அரங்கில் இருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்குவார். ஒரு குழலை ஊதி, ஓசை எப்போது அடங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவார். அறையின் கொள்ளளவு, அதில் உள்ள மெத்தான பொருள் ஆகிய இரண்டையும் பொறுத்தே ஓசை அடங்குகிறது என்று அவர் கண்டார். கட்டட ஒலி அறிவியல் அந்த மெத்தைகளில்தான் பிறந்தது.

நமக்கும் அதுவே வழி. தரையில் ஜமுக்காளம், பக்கச் சுவரில் கனத்த திரைச்சீலை, பின்சுவரில் புத்தக அலமாரி. பழைய பஞ்சு மெத்தை கூட உதவும். முட்டை அட்டையை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று சொல்வது கட்டுக்கதை. சத்தத்தைத் தடுப்பது கனமான சுவரும், இடுக்கு இல்லாத கதவும்தான். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபலுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது 2000-ம் ஆண்டு விதி. அடுத்த வீட்டுக் குழந்தை தூங்க வேண்டாமா?

ஒலிபெருக்கியை ஒரே தவணையில் வாங்க வேண்டியது இல்லை. முதலில் திரைக்கு இடமும் வலமுமாக இரண்டு. நீங்கள் உட்காரும் இடமும் அந்த இரண்டும் சேர்ந்து சமமான முக்கோணமாக அமைய வேண்டும். அடுத்த ஆண்டு, பேச்சுக்கென்று நடுவில் ஒன்று. பிறகு, காதுக்குச் சற்றுப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று. தடித்த ஓசைப் பெட்டி கடைசியில். கம்பிகளை மட்டும் முதலிலேயே இழுத்துவிட வேண்டும்.

புகைக்கு வழி உண்டா?

இது விளையாட்டு அல்ல, உயிர் விஷயம்.

1997-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி டெல்லியில் உபஹார் தியேட்டரில் தீப்பிடித்தது. கீழே கார் நிறுத்தும் இடத்தில் இருந்த மின்மாற்றியில் தொடங்கிய தீ அது. புகை மேலே ஏறி, வெளியேற வழி இல்லாமல் 59 பேர் மூச்சுத் திணறி மாண்டார்கள். தீயைவிடப் புகையே பெரிய எமன்.

நிலவறைக்கு ஒரே படிக்கட்டு என்றால், இன்னொரு வழி வேண்டும். ஆள் நுழையும் அளவு ஜன்னலாவது தெரு மட்டத்தில் திறக்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியை அங்கே வைக்கக் கூடாது. அதில் இருந்து எரியும் வாயு வெளிப்படும். கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் டிரிப்பர் கட்டாயம். சத்தத்தை அடக்கக் கோணியும் தெர்மோகோலும் வேண்டாம். இரண்டும் எளிதில் தீப்பற்றும். தீப்பிடிக்காத பாறைப் பஞ்சு கிடைக்கிறது.

காற்றும் வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் உடம்பு, 100 வாட் பல்பு அளவு வெப்பத்தை வெளியிடுகிறது. எட்டுப் பேர் என்றால் 800 வாட்! காற்றை வெளியே இழுக்க ஒரு விசிறி, உள்ளே விட ஒரு துவாரம் இல்லாமல் கதவை மூடக் கூடாது.

பணம் எப்படிப் பிரிப்பது?

கையில் இருக்கும் பணத்தைப் பத்துப் பங்காக வையுங்கள். ஈரம், மின்சாரம், காற்று ஆகியவற்றுக்கு நாலு பங்கு. ஒலிக்கு இரண்டரை. படக் கருவிக்கு இரண்டரை. மீதி ஒரு பங்கு தொடாமல் இருக்கட்டும். எதிர்பாராத செலவு வராத கட்டட வேலை உண்டா?

முதல் நாலு பங்கு கண்ணுக்குத் தெரியாத செலவு. வந்தவர் யாரும் அதைப் பாராட்ட மாட்டார்கள். ஆனால் அதைச் சுருக்கியவர்தான் பிறகு இரண்டு மடங்கு அழுகிறார்.

1905-ம் ஆண்டில் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். ஒரு கருவி, ஒரு கூடாரம் ஆகிய இவற்றை வைத்தே மக்களை வியக்க வைத்தார். ஆடம்பரம் அன்றும் தேவைப்படவில்லை.

ஒன்று நினைவிருக்கட்டும். உறவினரையும் நண்பரையும் கூப்பிட்டுப் படம் காட்டலாம். காசு வாங்கிக்கொண்டு காட்டினால், 1955-ம் ஆண்டு சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே வரும்.

பாட்டியால் இறங்க முடியுமா?

இத்தனையும் யோசித்தவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். யாருக்காக இந்தக் கொட்டகை?

வீட்டில் எழுபது வயதுப் பாட்டி இருப்பார். தங்கத்தில் தரை டிக்கெட்டில் படம் பார்த்தவர். இப்போது முழங்கால் வலி. கொட்டகைக்குப் போக முடியவில்லையே என்றுதானே வீட்டிலேயே வேண்டும் என்று பேச்சு வந்தது? செங்குத்தான பதினாறு படி இறங்க வேண்டும் என்றால், அவர் கூடத்திலேயே உட்கார்ந்துவிடுவார். கீழே படம் ஓடும் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்கும்.

படியின் உயரம் 6 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள். படிக்கு ஒரு சிறு விளக்கு. அதற்கு இடம் இல்லை என்றால், நிலவறை யோசனையைக் கைவிட்டு, கூடத்து ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டு அங்கேயே படம் காட்டுங்கள். சற்றுப் பெரிய கருவி வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் செலவு வீண் அல்ல.