கிளறும் காலுக்கு ஒரு நேரம்

நாற்று நட்ட பாத்தியைப் பக்கத்து வீட்டுக் கோழி கிளறிப் போட்டதற்காகச் சண்டை நடக்காத தெரு ராசிபுரம், பரமத்தி வேலூர், ஓமலூர் பக்கமெல்லாம் இருக்காது. கோழியைத் திட்டிப் பயனில்லை. அது பசிக்காக மட்டும் கிளறுவதில்லை. இங்கிலாந்தின் விப்ஸ்னேட் விலங்குக் காட்சியகத்தில் இருந்த சிவப்புக் காட்டுக்கோழிகளைக் கவனித்து மரியன் டாக்கின்ஸ் 1989-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அந்தக் கோழிகளுக்கு வேளாவேளைக்குத் தீவனம் கிடைத்தது. அப்படியிருந்தும், கவனித்த நிமிடங்களில் 60 சதவீதத்தில் தரையைக் கொத்தின, 34 சதவீதத்தில் கிளறின. காட்டுச் சருகுக்கடியில் புழுவும் விதையும் தேடித் தேடிப் பழகிய கால், தவிட்டுச் சட்டியைக் கண்டதும் ஓய்ந்துவிடாது.

வீட்டுக்கோழியின் முதல் பாட்டன் இந்தச் சிவப்புக் காட்டுக்கோழிதான். தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியான்மர் பகுதியில் வாழும் துணையினமே நம் கோழிகளுக்கு மிக நெருக்கம் என்று 863 பறவைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு 2020-ல் சொன்னது. ஆனால் மஞ்சள் காலும் மஞ்சள் தோலும் அந்த வழியில் வந்தவை அல்ல. அதற்கான மரபணு, நம் தென்னிந்திய மலைக்காடுகளில் கூவித் திரிகிற சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகக் குழு 2008-ல் இதைக் கண்டறிந்தது. உலகம் முழுக்கப் பண்ணைகளில் நிற்கும் மஞ்சள் கால் கோழிகளுக்கெல்லாம் நம் பக்கத்து மலைக்காட்டில் ஒரு தூரத்துச் சொந்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

நாமக்கல் என்றால் முட்டை. நாளொன்றுக்குப் பல கோடி முட்டைகள் இந்தச் சமவெளியிலிருந்து லாரி ஏறுகின்றன. அவற்றை இடும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழி ஆண்டுக்கு 300-க்கும் மேல் இடும். வீட்டுச் சிறுவிடைப் பெட்டை 60, 70 இட்டாலே பெரிது. பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். புரோலாக்டின் என்ற இயக்குநீர் ரத்தத்தில் ஏறுவதால் வரும் குணம் அது. லெகார்னில் அந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கட்டிவிட்டார்கள். அதனால்தான் அது ஓயாமல் இடுகிறது. அதனால்தான் அதற்குக் குஞ்சு பொரிக்க இன்குபேட்டர் வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தி, புறக்கடைக் கோழி ‘கட்டுப்படியாகாது’ என்பவர்கள் முட்டையை மட்டுமே எண்ணுகிறார்கள். கிளறலுக்கும் எருவுக்கும் இருபத்தோரு நாள் அடைகாத்துக் குஞ்சைக் கூட்டிவரும் தாய்க்கும் கணக்கு எழுதுவதில்லை.

அந்தக் கிளறலைத் தோட்டத்துக்கு வேலையாக மாற்றுவது நேரத்தைப் பொறுத்தது. கத்தரியோ தக்காளியோ பறித்து முடிந்து செடியைப் பிடுங்கிய பாத்தியில் ஒரு வாரம் கோழியை விடலாம். மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக உறங்குபவை, வெட்டுப்புழு, களை விதை எல்லாம் குறையும். அடுத்து நாற்று நட்டதும் அந்தப் பாத்திக்கு வலை கட்ட வேண்டும். செடி முழங்கால் உயரம் வரும்வரை அவிழ்க்கக் கூடாது. வளர்ந்த செடிகளுக்குள் விடுவதென்றால் மாலை நாலரை மணிக்குமேல் திறப்பது நல்லது. பெட்டைகள் அதற்குள் முட்டையிட்டு முடித்திருக்கும். இரவுக்கு இரைப்பையை நிரப்பும் அவசரத்தில் புழு பூச்சியை மும்முரமாகத் தேடும். இருட்டுக் கட்டியதும் யாரும் விரட்டாமலே கூட்டுக்குத் திரும்பிவிடும். ஒன்றரை மணி நேரத்தில் கோழியால் செய்ய முடிந்த சேதம் கொஞ்சம்தான்.

எருக்குழியை மட்டும் எப்போதும் திறந்து விடலாம். தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழு வளர்வது மக்கிய சாணக் குழியில்தான். கட்டைவிரல் தடிமன் வெள்ளைப் புழு ஒன்று வெளியே வந்தால் எல்லாக் கோழியும் அதற்காக ஓடுவதைப் பார்க்க வேண்டும்.

பூச்சிக்கெல்லாம் கோழியே மருந்து என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். இலைக்கடியில் அப்பியிருக்கும் அசுவினியையும் மாவுப்பூச்சியையும் அது சீண்டாது. மண்புழுவையும், அசுவினியைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டையும் பாரபட்சமில்லாமல் விழுங்கும். ஐந்து சென்ட் தோட்டத்துக்கு ஆறு பெட்டை, ஒரு சேவல் போதும் என்பது என் கணக்கு. அதற்குமேல் போனால் தோட்டம் களமாகிவிடும்.

குஞ்சுகள் விஷயம் வேறு. முதல் சில வாரம் குஞ்சுத் தீவனத்தில் சுமார் 20 சதவீதம் புரதம் வேண்டும். நொய்யரிசியில் 8 சதவீதம்தான், கம்பில் 11, 12. மீதியைக் கரையான் கொடுக்கிறது. எருமப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பார்த்தது இது. ஓட்டைப் பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, பனையோலைத் துண்டு, தென்னை மட்டை எல்லாவற்றையும் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்றுக்குப் பக்கத்தில் மண்ணைக் கொஞ்சம் கொத்திவிட்டுக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். விடிகாலையில் நிமிர்த்தியபோது சாக்கு இழையெங்கும் வெள்ளை வெள்ளையாக நெளிந்தது. அதை அப்படியே கொடாப்புக்கு முன்னால் உதறினார் அந்த வீட்டுப் பாட்டி.

“தினமும் கெடைக்குங்களா அம்மாயி?”

“பொழுதோட வெச்சா விடிய எடுத்துக்கலாங் கண்ணு. வெயிலேறுச்சுன்னா பூராவும் மண்ணுக்குள்ள போயிரும். மழை பேஞ்சா கெடைக்காது.”

கரையானின் உடலில் ஈரத்தைக் காக்கும் தடித்த தோல் இல்லை. வெளிச்சமும் வறண்ட காற்றும் பட்டால் செத்துப் போகும் பூச்சி அது. ஈரமும் இருட்டும் நார்ச்சத்தும் ஒரே இடத்தில் கிடைக்கும் பானைக்குள் இரவோடு இரவாக ஏறுவதும், சூடு ஏறியதும் இறங்குவதும் அதனால்தான். நம்மால் தின்ன முடியாத ஓலையும் சாக்கும் ஒரே இரவில் குஞ்சுக்குப் புரதமாகின்றன. ஒரு எச்சரிக்கை: கரையானுக்கு மருந்து ஊற்றிய நிலத்தில் இந்தப் பானையை வைக்கவே கூடாது.

பச்சைக் கோழி எருவை நேரே செடிக்குப் போட்டு இலை கருகியதைப் பார்க்காத தோட்டக்காரர் குறைவு. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். பறவை சிறுநீர் என்று தனியாகக் கழிப்பதில்லை. தழைச்சத்தில் பெரும்பகுதி அந்த வெள்ளையில்தான் இருக்கிறது. மண்ணில் விழுந்ததும் அது அம்மோனியாவாக உடைந்து வேரைச் சுடும். கோழி எருவில் கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய 10-க்கு 1. நன்றாக மக்க 25, 30-க்கு 1 இருக்க வேண்டும். எனவே கடலைத் தோல், காய்ந்த இலை, தென்னை நார்க்கழிவு என்று கரிமம் மிகுந்தவற்றைச் சேர்த்துக் குவித்து, இரண்டு மாதம் புரட்டிப் போட்டு மக்க வைக்க வேண்டும். மணிச்சத்தும் இந்த எருவில் அதிகம். தானியத்தில் உள்ள மணிச்சத்தில் பெரும்பகுதி பைட்டேட் என்ற வடிவில் இருப்பதால் கோழிக்குச் செரிக்காமல் வெளியே வந்துவிடுகிறது. மக்கியபின் அது செடிக்குப் போகும். கொத்தமல்லி, வெங்காயத் தாள் மாதிரிப் பச்சையாகத் தின்னும் பாத்திக்குள் கோழியை விடாதீர்கள், மக்காத எருவும் வேண்டாம். சால்மோனெல்லா அதில் இருக்கலாம். மக்காத எரு இட்ட மண்ணைத் தொட்டு வளரும் காய்கறியை 120 நாள் கழித்துத்தான் அறுவடை செய்யலாம் என்கிறது அமெரிக்காவின் அங்கக வேளாண் விதி.

சித்திரையில் சேலத்து வெயில் கோழிக்கும் முட்டைக்கும் செய்வதைத் தனியாகச் சொல்ல வேண்டும். முட்டை ஓடு மெலிந்து, எடுக்கும்போதே விரல் பட்டு நசுங்கும். ‘தீனி பத்தவில்லை’ என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே 41 பாகை செல்சியஸுக்கு மேல். சூடு தாங்காமல் வாயைத் திறந்து இரைக்கும்போது ஈரத்தோடு கரியமில வாயுவும் அளவுக்கு மீறி வெளியேறுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடி, ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறைந்துபோகிறது. ஓட்டில் சுமார் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட்தான். கூடவே வெயிலில் தீனி எடுப்பதும் குறைவதால் கால்சியமும் பற்றுவதில்லை.

இங்கேதான் தோட்டம் கோழிக்குக் கைமாறு செய்கிறது. கூட்டின்மேல் பந்தல் போட்டுப் பீர்க்கு, புடலை, அவரை எதையாவது ஏற்றிவிட்டால் தகரக் கூரை காய்வது நிற்கும். இலை ஆவியாக்கும் நீர் அடியில் குளிர்ச்சி தரும். இந்தப் பக்கம் காற்று வறண்டிருப்பதால் மண்சட்டித் தண்ணீர் நன்றாகவே குளிரும். தீவனத்தை வெயிலுக்கு முன்னும் பின்னும் வைக்க வேண்டும். கிளிஞ்சல் தூளையோ, வறுத்துப் பொடித்த முட்டை ஓட்டையோ தனிக் கிண்ணத்தில் மாலையில் வையுங்கள். ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில்தான். அதற்கு முன்பாகக் கோழிக்குத் தானாகவே சுண்ணாம்புச் சத்தில் ஆசை வரும். முட்டையிடும் பெட்டை வெள்ளையடித்த சுவரைக் கொத்துவது விளையாட்டுக்கு அல்ல.

வெயிலால் லாபமும் உண்டு. ஜெர்மனியின் ஹாலே நகர ஆய்வாளர்கள் 2014-ல் சொன்னது: வெளியே மேய்ந்த கோழியின் மஞ்சள் கருவில் வைட்டமின் டி, கொட்டகைக்குள் வளர்ந்ததைவிட மூன்று நான்கு மடங்கு. கருவின் அடர் மஞ்சள் முருங்கை இலை, அகத்தி, கீரையில் உள்ள நிறமிகளால் வருகிறது. ஓட்டின் நிறம் இன்னொரு கதை. அது இனத்தைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்தது அல்ல. பழுப்பு ஓட்டைப் பார்த்து இரட்டை விலை கொடுப்பவர்களைக் கடைக்காரர்கள் அன்போடு வரவேற்பார்கள்.

மண் கெட்டிருந்தால் ‘இயற்கை’ என்ற பெயர் காப்பாற்றாது. சிட்னியில் மக்குவாரி பல்கலைக்கழகத்தார் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், அந்நகரின் வீட்டுத் தோட்டக் கோழி முட்டைகளில் கடை முட்டையைவிட ஈயம் சராசரியாக 40 மடங்கு இருந்தது. பழைய பெயின்ட் உதிர்ந்த மண்ணைக் கோழி கொத்தியதன் விளைவு அது. பேட்டரி உடைத்த இடம், குப்பை எரித்த மேடு பக்கத்தில் இருந்தால் அங்கே கோழி போகாமல் வேலி கட்டுங்கள்.

கடைசியாக, வெள்ளைக்கழிச்சல் எனப்படும் கோழிக்கழிச்சல். 1920-களின் கடைசியில் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிகேத்தில் அடையாளம் காணப்பட்டு அந்த ஊரின் பெயரையே வாங்கிக்கொண்ட நச்சுயிரி நோய். வந்தால் கூடே காலியாகும். சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது நம் பழக்கம். அது கோழிக்குத் தெம்பு தரலாம், நச்சுயிரியைத் தடுக்காது. இயற்கை முறையில் வளர்க்கிறேன், தடுப்பூசி வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முதல் வாரம் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையில் ஓர் ஊசி, இவ்வளவுதான் கேட்கிறார்கள். நாமக்கல் போன்ற இடத்தில் இது ஒரு வீட்டோடு முடியும் விஷயமும் இல்லை. பண்ணையில் வேலை செய்பவர் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு நோய்க்காப்பு நெறிகளில் ஒன்று. செருப்பிலும் துணியிலும் ஏறி நச்சுயிரி போய்விடும் என்பதே காரணம்.

கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி இருவார முகாம் நடத்துகிறது. கட்டணம் இல்லை. இரண்டே கோழி வைத்திருந்தாலும், விடிவதற்குள் கூட்டிலேயே பிடித்து, மூடிய கூடையில் கொண்டுபோங்கள். திறந்துவிட்ட பிறகு மரத்தடியில் துரத்திப் பிடிப்பதற்குள் முகாம் முடிந்துவிடும்.