எஸ்கியூஎல் உட்செலுத்தல் சோதனை
எஸ்கியூஎல் உட்செலுத்தல் சோதனை என்பது, ஒரு வலைச் செயலியின் உள்ளீட்டுப் பெட்டிகள் வழியாகத் தரவுத்தளத்துக்குக் கட்டளைகளைப் புகுத்த இயலுமா என, உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியுடன் ஆராய்வதாகும்.

பயனர் இடும் சொற்கள் வினவலுடன் அப்படியே ஒட்டப்படும்போது இக்குறைபாடு தோன்றுகிறது. சோதனையாளர் ஒற்றை மேற்கோள் குறியை உள்ளிட்டு, தரவுத்தளப் பிழைச்செய்தி வருகிறதா என நோக்குவார். குறைபாடு உறுதியானதும் தரவுகளை எடுக்காது அறிக்கை அளிப்பார். உள்ளீட்டைக் கட்டளையிலிருந்து பிரித்து அனுப்பும் வினவல் முறையே இதற்குத் தீர்வாகும்.

2015 அக்டோபரில் பிரித்தானியாவின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பழைய வலைப்பக்கங்கள் இம்முறையில் தாக்கப்பட்டு, 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் களவுபோயின. போதிய பாதுகாப்பின்மைக்காக அந்நாட்டுத் தகவல் ஆணையர் 2016இல் அந்நிறுவனத்துக்கு 4,00,000 பவுண்டு தண்டம் விதித்தார். முறையான சோதனை இக்குறைபாட்டை முன்னரே வெளிப்படுத்தியிருக்கும். எனினும், அனுமதியின்றிப் பிறர் தரவுத்தளத்துள் நுழைதல் அங்கு 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.