2 ஜிபி ரேம் மடிக்கணினிக்கு எந்த இயங்குதளம்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ரேமும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் வேண்டும். பத்து, பதினைந்து வருடப் பழைய மடிக்கணினிகள் பலவற்றில் இவை இல்லை. அவற்றுக்குக் கைகொடுப்பது லினக்ஸ் என்ற இயங்குதளம். தமிழக அரசு 2011-இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியைப் பயன்படுத்தியவர்களுக்கு லினக்ஸ் புதிதல்ல. அதில் விண்டோஸுடன் மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது.

முதலில் பார்க்க வேண்டியது என்ன?

செயலி 32 பிட்டா, 64 பிட்டா என்பதைத்தான். விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் 'சிஸ்டம் டைப்' என்ற வரி இருக்கும். '32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பேஸ்டு ப்ராசஸர்' என்று அதில் இருந்தால், இயங்குதளம்தான் 32 பிட். செயலி 64 பிட். அதில் 64 பிட் லினக்ஸைத் தாராளமாக நிறுவலாம்.

செயலியே 32 பிட் என்றால் வழி குறுகலானது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை. லினக்ஸுக்கான 32 பிட் குரோம் 2016-இலேயே நின்றது. ஃபயர்ஃபாக்ஸும் 2025-இல் 144-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது.

எந்த ரேமுக்கு எது?

2 ஜிபி ரேமும் 64 பிட் செயலியும் இருந்தால் லுபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. மின்ட்டுக்கு 2 ஜிபி என்பது குறைந்தபட்சம்தான். 4 ஜிபி இருப்பது நல்லது என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். 1 ஜிபி மட்டுமே இருந்தால் ஆண்டிஎக்ஸ். டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆண்டிஎக்ஸ் 23, 32 பிட்டிலும் கிடைக்கிறது. ஹார்ட் டிஸ்க் பழுதான கணினிக்குப் பப்பி லினக்ஸ் பொருத்தம். ஆஸ்திரேலியாவின் பாரி காலர் 2003-இல் தொடங்கிய இது, பென் டிரைவிலிருந்து ரேமில் ஏறி அங்கேயே இயங்கும்.

சோதிப்பது எப்படி?

ரூஃபஸ் மென்பொருளால் லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்குங்கள். நிறுவாமலே, 'லைவ்' முறையில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி கேட்கிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா என்று பாருங்கள். குறிப்பாகப் பிராட்காம் வைஃபை அட்டைகளுக்குத் தனி மென்பொருள் தேவைப்படலாம். லினக்ஸை ஏற்றும்போது பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும். நிறுவும்போது ஹார்ட் டிஸ்க்கும் அழியலாம். முக்கியக் கோப்புகளை முன்பே நகலெடுத்து வையுங்கள்.

எவ்வளவு வேகம் கிடைக்கும்?

இயங்குதளம் எவ்வளவு சிக்கனமானாலும் ரேமைத் தின்பது பிரவுசர்தான். ஆண்டிஎக்ஸ் தொடங்கியதும் சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும்; யூடியூப் பக்கம் ஒன்றைத் திறந்தாலே அதைவிடக் கூடுதலாகப் போகலாம். தட்டச்சு, பிடிஎஃப் வாசிப்பு, பாட்டு ஆகியவற்றுக்கு 1 ஜிபி போதும். நாலைந்து டேப் திறந்து வேலை பார்ப்பவருக்குப் போதாது.

ஆகவே, ரேமைக் கூட்டும் வசதி இருந்தால் 4 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டுவிடுங்கள். 32 பிட் செயலி உள்ள கணினியை எழுதவும் படிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். புதிய பிரவுசர் கிடைக்காததால் வங்கிக் கணக்கை அதில் திறக்க வேண்டாம்.