பூனைக்கும் சர்க்கார் உத்தியோகம்!

லண்டனில் பிரதமரின் பழைய டவுனிங் தெரு மாளிகையில், எலி பிடிக்க 2011-ல் ‘லாரி’ என்ற பூனையை வேலைக்கு வைத்தார்கள். சிரிப்பு வருகிறதா? துறைமுக ஊர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள்! தூத்துக்குடிக்கு எதிர்க்கரையான கொழும்பில் 1914-ல் பிளேக் பரவியது எலியால்தான். கப்பல் வடங்களில் வட்டத் தகடு மாட்டுவதும் எலி ஏறாமலிருக்கத்தான்.

நம் வீட்டுப் பரண், ஆபீஸ் ஃபைல் அறை மட்டும் விதிவிலக்கா என்ன? எலி மூத்திரம் கலந்த தண்ணீர் கால் வெடிப்பில் பட்டாலே எலிக்காய்ச்சல் வரலாம். எலிப்புழுக்கையை அப்படியே பெருக்காதீர்கள். கையுறை போட்டு, பிளீச்சிங் கரைசல் தெளித்து, ஊறவிட்டுத் துடையுங்கள். மழைக்காலத்தில் ஜுரத்தோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால், ‘சாதா ஜுரம்தானே’ என்று இருந்துவிடாமல் உடனே டாக்டரிடம் போங்கள். எலியைப் பூனை பார்த்துக்கொள்ளும். ஜுரத்தை நாம்தான் பார்க்கணும்!