நாடகம் காட்டும் ஊர் முகம்

நாட்டைத் தன் அகத்தே கொண்டது நாடகம் என்று மேடைப் பேச்சாளர்கள் சொல்லைப் பிரித்துப் பொருள் கூறக் கேட்டிருக்கிறோம். சொல்லாராய்ச்சி வல்லவர்கள் இதனை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆயினும் அந்தப் பிரிப்பில் ஓர் உண்மை இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றுகிறது. ஓர் ஊர் மக்கள் தம்மைப் பற்றி என்ன எண்ணுகிறார்கள் என்று அறிய, வரலாற்று நூலைப் புரட்டுவதைவிட, திருவிழா இரவில் அவர்கள் கண் விழித்து எந்தக் கதையைப் பார்க்கிறார்கள் என்று கவனிப்பது நல்லது. அந்தக் கதையில் யாருக்கு வேடம் உண்டு, யாருக்கு இல்லை என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

எங்கள் வீரபாண்டியையே எடுத்துக்கொள்வோம். முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மன் கோயிலும் கண்ணீஸ்வரமுடையார் கோயிலும் உள்ளன. கண் பார்வை இழந்த பாண்டிய மன்னன் ஒருவன் இங்கு வந்து வழிபட்டுப் பார்வை பெற்றான் என்பது ஊர்க் கதை. இக்கதையை எங்களில் எவரும் பாடப் புத்தகத்தில் படித்ததில்லை, அறியாதவர்களும் இல்லை. சித்திரைத் திருவிழாவில் அத்திமரக் கம்பம் நட்டு, ஆற்று நீரைச் சுமந்து வந்து அதற்கு ஊற்றுவதும், அக்கினிச் சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுப்பதும், உடலெங்கும் சேறு பூசிச் சேத்தாண்டி வேடம் போடுவதும் கதையை ஆண்டுதோறும் புதுப்பிக்கின்றன. பார்ப்பவர் ஒரு பக்கம், நடிப்பவர் ஒரு பக்கம் என்ற பிரிவே இங்குக் கிடையாது. சேறு பூசியவர் நேற்றுவரை கடையில் அரிசி அளந்து கொடுத்தவராக இருப்பார். நாடகத்தின் தாய்வீடு இதுதான் என்று அறிஞர்கள் கூறுவது பொருத்தமே.

சடங்கைவிட்டு மேடைக்கு வருவோம். மதுரை வட்டாரத்துத் திருவிழாக்களில் இன்றும் நடக்கும் 'ஸ்பெஷல் நாடகம்' விந்தையான ஏற்பாடு. ராஜபார்ட் ஓர் ஊர். ஸ்திரீபார்ட் வேறோர் ஊர். பபூன் இன்னோர் ஊர். ஓர் இரவுக்கென்று தனித்தனியே பேசி வரவழைக்கப்படுகிறார்கள். ஒத்திகை என்பது கிடையாது. சில வேளைகளில் மேடைக்கு வந்த பிறகுதான் ஒருவரை ஒருவர் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். ஆனாலும் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை தடங்கலின்றி நாடகம் நடக்கிறது. எல்லாரும் ஒரே பாடத்தை மனப்பாடமாக வைத்திருப்பதே காரணம். அப்பாடத்தை வகுத்துத் தந்தவர்களில் முதல்வர், தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவர்களுக்கு நாடகம் பயிற்றியவரும் இவரே. அக்காலக் கம்பெனிகளில் பெண் வேடத்தையும் சிறுவர்களே போட்டார்கள். எங்கள் பள்ளி மேடையில் ஏரோதும் பிலாத்துவும் இரட்டைச் சடையை முடிந்து கிரீடத்துக்குள் மறைத்துக்கொண்டு வருவதைக் கண்டு சிரிக்கும் பெற்றோர் இதை நினைவில் கொள்வார்களாக!

ஸ்பெஷல் நாடகங்களில் ஊர் மக்கள் விரும்பிக் கேட்பது 'வள்ளி திருமணம்'. தினைப்புனத்தில் தனியே காவல் இருக்கும் குறவர் குலப் பெண்ணிடம் முதலில் நாரதர் வந்து வாதிடுவார். பிறகு முருகன் வேடனாக வந்து வாதிடுவார். இந்தத் தர்க்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீளும். எழுதிய வசனம் தீர்ந்த பின்னரும் நடிகர்கள் சொந்தமாக வார்த்தையைத் தொடுத்துக்கொண்டே போவார்கள். வள்ளி மடக்கிக் கேட்கும் கேள்விக்கு எதிராளி திணறினால் பெண்கள் பகுதியிலிருந்து எழும் சிரிப்பு அடங்க நெடுநேரமாகும். பள்ளிக்கூடம் போகாத நம் பாட்டிமார், அயலான் ஒருவனுக்குப் பதில் சொல்ல ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு, அறிவும் உண்டு என்பதை இந்த மேடையில்தான் கண்டார்கள் என்று நினைக்கிறோம். முடிவில் திருமணம் நடந்துவிடுகிறது என்பது வேறு விஷயம். பாட்டிமார் வீட்டுக்குக் கொண்டுசென்றது தர்க்கத்தைத்தான்.

ஆனால் வள்ளியாக நடித்த பெண்ணை ஊர் எப்படி நடத்தியது? மேடையில் தெய்வம் என்று கும்பிட்டவர்கள், காலையில் அவளுக்கு வீட்டுத் திண்ணையில் இடம் தரத் தயங்கினார்கள். இரவெல்லாம் ஊர் ஆண்கள் முன்னால் நின்று பேசுகிறவள் என்பதே அவள் மேல் சுமத்தப்பட்ட குற்றம். கதையில் வள்ளி செய்ததும் அதுதானே!

தேசபக்தர் விசுவநாததாஸ் (1886–1940) வாழ்விலும் இந்த முரண்பாட்டைக் காண்கிறோம். சிவகாசியில், முடிதிருத்தும் தொழில் செய்யும் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் இவர். முருகனாக வேடமிட்டால் மக்கள் கைகூப்பினர். பிறப்பைக் காட்டி அவருடன் நடிக்க மறுத்த நடிகையரும் இருந்தனர். வள்ளியின் புனத்தில் பறவை விரட்டும் கட்டத்தில், மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய பாட்டில், வெள்ளைக் கொக்கை வெள்ளைக்காரனாக்கி அவர் பாடியபோது கூட்டம் ஆர்ப்பரித்தது. போலீசார் மேடையருகிலேயே காத்திருந்தனர். நாடகத்தின் வலிமையை அஞ்சி 1876-லேயே நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்த அரசாங்கம் அல்லவா அது! பலமுறை சிறை சென்ற அவர், 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில், முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையில் உயிர் நீத்தார். பத்திரிகை படிக்கத் தெரியாத எத்தனையோ சிற்றூர் மக்கள் 'நாம் ஓர் அடிமை நாட்டினர்' என்பதைப் பழக்கப்பட்ட முருகன் கதைக்குள் வைத்தே தெரிந்துகொண்டார்கள்.

ஒரு நாடகம் மக்களின் எண்ணத்தை மட்டுமன்றிக் கால்களையும் திருப்பக்கூடும் என்பதற்கு எங்கள் ஊர்ச் சாலையே சாட்சி. கார்த்திகை பிறந்துவிட்டால் தேனியிலிருந்து குமுளி செல்லும் சாலையில் கறுப்பும் நீலமும் உடுத்திய ஐயப்ப பக்தர்கள் இரவு பகலாகச் செல்கிறார்கள். வீரபாண்டி ஆற்றில் நீராடிவிட்டுப் போகிறவர்கள் பலர். இது தொன்றுதொட்டு இதே அளவில் நடந்துவரும் வழக்கம் என்றே எங்களில் பலர் எண்ணியிருந்தோம். விசாரித்தால் கதை வேறாக இருக்கிறது. முற்காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து சபரிமலை சென்றோர் சிறு தொகையினரே. நவாப் ராஜமாணிக்கம் அவர்கள் தம் தேவி பால விநோத சங்கீத சபையின் மூலம் 'சுவாமி ஐயப்பன்' நாடகத்தை ஊர் ஊராக நடத்தினார். 1950-இல் சபரிமலைக் கோயில் தீப்பற்றி எரிந்த பிறகு, புதிய ஐம்பொன் விக்கிரகத்தைச் செய்து அளித்தவர் நம் உத்தமபாளையத்தில் பிறந்தவரும், 1936-இல் சென்னை மாகாண முதலமைச்சராகச் சில மாதங்கள் இருந்தவருமான பி. டி. ராஜன். அவரும் நவாப் ராஜமாணிக்கமும் அந்த விக்கிரகத்தைத் தமிழ்நாட்டு ஊர்களின் வழியே ஊர்வலமாகக் கொண்டு சென்றனர். மேடையில் கண்ட தெய்வம் வீதியிலும் வந்தது. அதன் பிறகு பக்தர் கூட்டம் பெருகியது. திரையில் வில்லனாக நடித்து நம் தாய்மாரின் ஏச்சை வாங்கிக் கட்டிக்கொண்ட எம். என். நம்பியார், சிறுவனாக நவாப் கம்பெனியில் சேர்ந்து பயின்றவர். பின்னாளில் அறுபது முறைக்கு மேல் மலை ஏறிய குருசாமி ஆனார்.

அந்த நவாப் ராஜமாணிக்கம்தான் 'இயேசுநாதர்' நாடகத்தையும் நடத்தினார் என்பது கத்தோலிக்கராகிய எங்களுக்குத் தனி மகிழ்ச்சி. இந்து சமயத்தைச் சேர்ந்த அவர், இராமதாசர் நாடகத்தில் நவாப் வேடம் தாங்கியதால் அப்பெயர் பெற்றார். அவருடைய கம்பெனி கிறிஸ்துவின் பாடுகளையும் மேடையேற்றியது! கோயிலுக்குள் காலடி வைக்காத எத்தனையோ பேர் ஆண்டவரின் வரலாற்றை அந்தக் கொட்டகையில் கண்டார்கள். அவருடைய 'ஞானசௌந்தரி'யும் அப்படியே. கை வெட்டுண்ட அந்தப் பெண்ணுக்காகச் சமய வேறுபாடின்றி அழுதார்கள்.

இனி, சற்றுக் கசப்பான செய்தி ஒன்றையும் கூற வேண்டும். நாடகம் ஓர் ஊரை உயர்த்துவது போலவே தவறாகவும் நடத்தக்கூடும். ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தில் ஓபரம்மர்காவ் என்ற மலைக் கிராமம் இருக்கிறது. 1633-இல் கொள்ளைநோய் பரவியபோது, எங்களைக் காத்தால் ஆண்டவரின் பாடுகளை நடித்துக் காட்டுவோம் என்று அவ்வூரார் நேர்ந்துகொண்டனர். 1634-இல் முதல் நாடகம் நடந்தது. பின்னர்ப் பத்தாண்டுக்கு ஒருமுறை என்று வழக்கமாயிற்று. 2020-இல் நடக்க வேண்டியது மற்றொரு கொள்ளைநோயால் தள்ளிப்போய் 2022-இல் நடந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஊரார் பங்கேற்கிறார்கள். அவ்வூரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது இருபது ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். எவ்வளவு அழகிய நேர்த்திக்கடன்!

ஆனால் அந்த நாடகத்தில் நெடுங்காலமாக யூத மக்கள் அனைவருமே கொடியவர்களாகக் காட்டப்பட்டனர். இயேசுவும் அன்னை மரியாளும் சீடர்களும் யூதர்கள் என்பதே பார்ப்போருக்கு மறந்துபோகும். முந்நூறாம் ஆண்டையொட்டி 1934-இல் நடந்த சிறப்பு நாடகத்தை ஹிட்லர் நேரில் வந்து பார்த்தார்; பின்னர் அதைப் புகழ்ந்தும் பேசினார். பிறகு ஐரோப்பாவில் யூத மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை வரலாற்று வகுப்பில் படித்திருக்கிறோம். அதற்கெல்லாம் ஒரு கிராமத்து நாடகமே காரணம் என்று சொல்வது நியாயமன்று. ஆயினும் தலைமுறை தலைமுறையாகப் பக்தியோடு பார்த்த ஒரு காட்சி, அயலவரை வெறுப்பதைப் பாவமற்ற செயலாக்கிவிட்டது என்பதை மறுக்க முடியவில்லை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், ஆண்டவரின் மரணப் பழியை யூத இனத்தார் அனைவர்மீதும் சுமத்தலாகாது என்று தெளிவாக அறிவித்தது. அதன் பிறகும் ஊரார் உடனே மாறவில்லை. முன்னோர் நேர்ந்தது, ஓர் எழுத்தையும் தொடக்கூடாது என்று பலர் வாதிட்டனர். ஊருக்குள்ளேயே பல்லாண்டு சச்சரவு நடந்த பின்பே, குறிப்பாக 2000-ஆம் ஆண்டு நாடகத்தில், பெரிய திருத்தங்கள் வந்தன. மேடையில் இயேசுவை 'ரபி' என்று அழைத்தார்கள். எபிரேய மொழியில் செபம் ஒலித்தது. இன்னொன்று: மணமான பெண்களும் முப்பத்தைந்து வயது கடந்த பெண்களும் நடிக்கக்கூடாது என்ற தடை அங்கு இருந்தது. ஊர்ப் பெண்கள் நீதிமன்றம் சென்று வாதாடி 1990-இல் அத்தடையை நீக்கினார்கள். நேர்த்திக்கடன் இன்றும் நிறைவேறி வருகிறது.

எங்கள் பள்ளத்தாக்கிலும் இப்போது ஒரு கதை உருவாகி வருகிறது. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி 1895-இல் நமக்குத் தண்ணீர் தந்த ஜான் பென்னிகுயிக் துரையை அறியாத வீடு இங்கு இல்லை. 2013-இல் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த ஜனவரி 15-ஐப் பொங்கலோடு சேர்த்துக் கொண்டாடுகிறார்கள்; பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு. பள்ளி நாடகங்களில் தொப்பியும் பூட்ஸும் அணிந்து அவர் வராத ஆண்டு குறைவு. அதில் தவறாமல் வரும் காட்சி, அவர் தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டி முடிப்பது. இதற்கு ஆவணச் சான்று கிடைக்கவில்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அணை அரசாங்கப் பணத்தில் கட்டப்பட்டது. இதைச் சொன்னால் மனம் வருந்துவோர் உண்டு. அவருடைய திறமையும் விடாமுயற்சியும் குறைந்துபோகாது என்பதே எங்கள் கருத்து. நகைக் காட்சியை ஊர் ஏன் இவ்வளவு விரும்புகிறது என்பதும் புரிகிறது. நன்றியைக் காட்ட நம் மக்களுக்குத் தெரிந்த பெரிய தியாகம் தாலிப்பொன்னை விற்பதுதானே!

எங்களை உறுத்துவது வேறு. காட்டிலும் வெள்ளத்திலும் நின்று கல் சுமந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். மலேரியாவிலும் பிற நோய்களிலும் மாண்டவர்கள் பலர். நாங்கள் பார்த்த எந்த நாடகத்திலும் அவர்களுக்கு ஒரு வசனமும் இருந்ததில்லை. திரைக்குப் பின்னால் ஓசை எழுப்பவே கூலியாட்கள் தேவைப்பட்டார்கள்.

ஆகவே அடுத்த ஆண்டு விழாவுக்கு அணைக்கட்டு நாடகத்தைப் புதிதாக எழுத மேல் வகுப்பு மாணவியர் தீர்மானித்திருக்கிறோம். தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களும் இசைவு தந்துள்ளார்கள். துரைக்கு உரிய காட்சிகள் முடிந்துவிட்டன. காய்ச்சலில் விழுந்த ஒருவரைத் தூளி கட்டி மலையிலிருந்து இறக்கும் காட்சி மட்டும் இரண்டு பக்கத்துக்கு மேல் நகரவில்லை. தூளிக்குள் கிடப்பவருக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. பெற்றோர்களில், அணை வேலைக்குப் போனவர்களைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டறிந்தவர்கள் எவரேனும் இருப்பின், ஒரு தாளில் எழுதி மகளிடம் கொடுத்தனுப்புமாறு அன்புடன் வேண்டுகிறோம். எழுத இயலாதவர்கள் நாள் குறிப்பிட்டால் நாங்களே வீட்டுக்கு வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம்.