கால்சியம், மக்னீசியம் மாத்திரைகளைச் சேர்த்து உட்கொள்ளுதல்

கால்சியமும் (சுண்ணாம்புச் சத்து) மக்னீசியமும் எலும்பு, தசை, நரம்பு ஆகியவற்றுக்குத் தேவையான தாதுக்கள். இவை தனித்தனி மாத்திரைகளாகவும், வைட்டமின் டி3 உடன் கலந்த ஒரே மாத்திரையாகவும் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. சிறுநீரகம் நலமாக உள்ளவர்கள் வழக்கமான அளவில் இரண்டையும் சேர்த்து உட்கொள்ளலாம். எனினும் அளவும் நேரமும் உடன் எடுக்கும் பிற மருந்துகளும் கவனிக்கப்பட வேண்டியவை.

உடலில் இரண்டுக்கும் உள்ள தொடர்பு

உடலிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடும், மக்னீசியத்தில் பாதிக்கு மேலும் எலும்பில் உள்ளன. தசை சுருங்கக் கால்சியமும், தளர மக்னீசியமும் உதவுகின்றன. இரத்தத்தில் கால்சிய அளவைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பி இயங்க மக்னீசியம் வேண்டும். எனவே மக்னீசியம் மிகவும் குறைந்தால் கால்சியமும் குறைகிறது. அந்நிலையில் கால்சியம் மட்டும் கொடுத்தால் குறை சரியாகாது.

அளவும் நேரமும்

வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 1000 மி.கி. கால்சியம் தேவை. ஒரே வேளையில் 500 மி.கி.க்கு மேல் எடுத்தால் உறிஞ்சப்படும் விகிதம் குறையும். ஆகவே பிரித்து எடுப்பது நல்லது. கால்சியம் மிக அதிகமானால் மக்னீசியம் உறிஞ்சப்படுவதும் குறையலாம். 1250 மி.கி. கால்சியம் கார்பனேட்டில் உள்ள கால்சியம் 500 மி.கி. மட்டுமே. இதை உணவுடன் உட்கொள்ள வேண்டும். கால்சியம் சிட்ரேட்டை எப்போதும் உட்கொள்ளலாம். இரண்டும் 2:1 விகிதத்தில் இருக்க வேண்டும் என்ற பரவலான கருத்துக்கு உறுதியான சான்று இல்லை.

உணவும் குடிநீரும்

மாத்திரை தேவையா என்பது உணவையும் குடிநீரையும் பொறுத்தது. சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரும் கேன் தண்ணீரும் பரவலாகப் பயன்படுகின்றன. கடின நீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் படியும் வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சிய, மக்னீசிய உப்புகளே. குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐ.எஸ். 10500:2012) லிட்டருக்கு 75 மி.கி. கால்சியம், 30 மி.கி. மக்னீசியம் என்பதை ஏற்கத்தக்க வரம்பாக வைத்துள்ளது. அந்த வரம்பிலுள்ள நீரை 2 லிட்டர் குடித்தால் 150 மி.கி. கால்சியமும் 60 மி.கி. மக்னீசியமும் கிடைக்கும். ஆர்.ஓ. கருவி இவற்றில் பெரும்பகுதியை நீக்கிவிடுகிறது. இந்த இழப்பை உணவால் ஈடுசெய்யலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. கால்சியமும் 100 மி.கி.க்கு மேல் மக்னீசியமும் உள்ளன. பால், தயிர், எள், முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவற்றில் கால்சியமும், பயறுகள், கீரைகள், நிலக்கடலையில் மக்னீசியமும் மிகுதி.

கருவுற்ற பெண்கள்

நடுவண் அரசின் 2014 வழிகாட்டுதலின்படி, கருவுற்ற 14ஆம் வாரம் முதல் மகப்பேற்றுக்குப் பின் 6 மாதம் வரை, 500 மி.கி. கால்சிய மாத்திரை நாளுக்கு இரு வேளை உணவுடன் வழங்கப்படுகிறது. கர்ப்பகாலத்தில் உயர் இரத்த அழுத்தத்துடன் வரும் முன்சூல்வலிப்பைத் தடுப்பது இதன் முக்கிய நோக்கம். கால்சியம் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைப்பதால், இரண்டு மாத்திரைகளையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது. குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும்.

எச்சரிக்கைகள்

* தைராய்டு மாத்திரைக்கும் (லெவோதைராக்சின்) இத்தாதுக்களுக்கும் இடையே 4 மணி நேர இடைவெளி தேவை.
* டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பிகளுடன் சேர்த்து எடுத்தால் அம்மருந்துகளின் பயன் குறையும்.
* கால்சியம் மலச்சிக்கலையும், மக்னீசியம் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கலாம். அமெரிக்கப் பரிந்துரைப்படி, மாத்திரை வழியாக எடுக்கும் மக்னீசியம் நாளுக்கு 350 மி.கி.யைத் தாண்டக் கூடாது.
* சிறுநீரகம் பழுதடைந்தவர்களின் உடலில் மக்னீசியம் தேங்கி, இதயத் துடிப்பையும் மூச்சையும் பாதிக்கும். இவர்களும் சிறுநீரகக் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இம்மாத்திரைகளை எடுக்கக் கூடாது.