போக ஒரு டிக்கெட், திரும்பி வர ஒரு டிக்கெட்!
ரெயில்வே கம்ப்யூட்டர் திட்டம் சொல்லும் பாடம்

ஆண்டு 1980 என்று வைத்துக்கொள்வோம். தாராவியில் தோல் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பொங்கலுக்கு ஊர் போக வேண்டும். முதலாளி கொடுத்திருப்பது பத்து நாள் லீவு.

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இருட்டோடு எழுந்து, அன்றைய விக்டோரியா டெர்மினஸுக்குப் போய் வரிசையில் நிற்கிறார். வெயில் ஏறிய பிறகு ஜன்னலை எட்டுகிறார். ‘‘அந்த ரெயிலுக்கு இங்கே இல்லை. அடுத்த வரிசைக்குப் போ’’ என்கிறார்கள். மறுபடியும் கடைசி ஆளாக நிற்கிறார். மத்தியானத்துக்குள் போகிற டிக்கெட் எப்படியோ கிடைத்துவிடுகிறது.

திரும்பி வர டிக்கெட்?

அது சென்னையில் ஒரு பேரேட்டில் இருக்கிறது. பம்பாய் குமாஸ்தாவின் கண்ணுக்கு அந்தப் பேரேடு தெரியாது. தந்தி கொடுத்துக் கேட்கவேண்டும். பதில் வந்தால் உண்டு. இல்லாவிட்டால், சென்னையில் இருக்கும் மைத்துனருக்குக் கடிதம் எழுதி, அவரை அங்கே ஒரு நாள் வரிசையில் நிற்கவைக்க வேண்டும். மைத்துனர் இல்லாதவர் என்ன செய்வார்? பொங்கல் சாப்பிடும்போதும் அவருக்குத் திரும்பும் நாளைப் பற்றித்தான் கவலை. இரண்டு நாள் பிந்தினால் பட்டறையில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான்.

இன்று இந்தக் கவலை பாதி தீர்ந்துவிட்டது. மும்பையில் எந்த ஜன்னலிலும், ஏன், கையில் இருக்கும் போனிலேயே, போகவும் வரவும் டிக்கெட் எடுத்துவிடலாம். இது ஒரே நாளில் நடந்ததல்ல. ஒரு பெரிய நிர்வாகம், தன் நோக்கத்தைச் சிறு சிறு வேலைகளாகப் பிரித்து, பல ஆண்டுகள் விடாமல் செய்த காரியம் இது. ஆபீஸில் ‘‘புதுத் திட்டம்’’ என்று சுற்றறிக்கை வந்தாலே முகம் சுளிக்கும் குமாஸ்தாக்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

பேரேட்டுக் காலம்

பழைய முறையில் ஒவ்வொரு ரெயிலுக்கும், ஒவ்வொரு தேதிக்கும், ஒவ்வொரு வகுப்புக்கும் தனிப் பக்கம். பெயர், வயது, ஆணா பெண்ணா, எந்தப் படுக்கை என்று எல்லாம் கையால் எழுதவேண்டும். பேரேடு ஒன்றுதான். ஆகவே, அது எந்த ஜன்னலில் இருக்கிறதோ அங்கேதான் அந்த ரெயிலுக்கு இடம் பதிவாகும். ஒரு ஜன்னலில் நூறு பேர் நிற்பார்கள். பக்கத்து ஜன்னலில் ஆள் இல்லாமல் குமாஸ்தா உட்கார்ந்திருப்பார். ஆனாலும் அவரால் உதவ முடியாது.

ஒருவர் டிக்கெட்டை ரத்து செய்தால் பெயரை அடிக்கவேண்டும். காத்திருப்போர் பட்டியலில் இருந்து அடுத்த பெயரை ஏற்றவேண்டும். வண்டி புறப்படுமுன் அத்தனை பெயர்களையும் மீண்டும் சார்ட்டில் எழுதி, பெட்டியில் ஒட்டவேண்டும். வழியில் உள்ள ஸ்டேஷன்களுக்குத் தனித்தனிப் பங்கு. இதற்குத்தான் கோட்டா என்று பெயர். ஓரிடத்தில் கோட்டா காலியாகக் கிடக்கும். இன்னோரிடத்தில் இடம் கிடைக்காமல் ஜனங்கள் அல்லாடுவார்கள். எங்கே எத்தனை படுக்கை காலி என்பதை அந்த நிமிஷத்தில் முழுவதுமாகத் தெரிந்தவர் எவரும் இல்லை.

தெரியாத இடத்தில்தான் தரகன் நுழைவான். அவன் பிழைத்ததே இந்த இருட்டில்தான்.

கம்ப்யூட்டர் முன்பே இருந்தது

ரெயில்வேக்குக் கம்ப்யூட்டர் புதிதல்ல. 1960-களிலேயே ஐ.பி.எம். 1401 என்னும் இயந்திரங்கள் வந்துவிட்டன. சம்பளப் பட்டியல் போட, வருமானக் கணக்குப் பார்க்க, புள்ளிவிவரம் சேர்க்க அவை பயன்பட்டன. அவையும் தேவையான வேலைகளே. ஆபீஸுக்கு உபகாரம்தான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே நின்றவருக்கு அதனால் ஒரு நிமிஷம்கூட மிச்சமாகவில்லை.

இங்கேதான் முதல் பாடம் இருக்கிறது. ரெயில்வே எதற்காக இருக்கிறது? ஆளையும் சரக்கையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக. ஒரு வேலைத் திட்டம் அந்த நோக்கத்தைத் தொடவேண்டும். தொடாவிட்டால், இயந்திரம் எவ்வளவு உயர்ந்ததானாலும் அது ஆபீஸுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

1980-களில் ரெயில்வே எடுத்துக்கொண்ட இலக்கு எளிமையானது: எந்த ஜன்னலிலும் எந்த ரெயிலுக்கும் டிக்கெட். இந்த ஒரு வரி போதும். கடைநிலைக் குமாஸ்தாவுக்கும் அது புரியும்.

டெல்லியில் ஆரம்பம்

நாடு முழுவதும் ஒரே நாளில் ஆரம்பிக்கவில்லை. ஒரே ஒரு நகரத்தை எடுத்துக்கொண்டார்கள். 1985-ல் புது டெல்லியில் சோதனையாகத் தொடங்கியது. ‘இம்ப்ரெஸ்’ என்று பெயரிடப்பட்ட அந்த முறையை எழுதிக் கொடுத்தது பொதுத்துறை நிறுவனமான சி.எம்.சி., அதாவது கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன்.

ஒரு நகரத்தில் செய்ததால் தவறு நேர்ந்தாலும் அந்த நகரத்தோடு போகும். திருத்திக்கொள்ளலாம். டெல்லியில் சரியாக நடந்த பிறகு பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஒவ்வொன்றாக மையங்கள் வந்தன.

சரக்குப் பக்கத்தையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரெயில்வேயின் தகவல் வேலைகளுக்கென்றே 1986-ல் ‘கிரிஸ்’ என்ற அமைப்பு உருவாயிற்று. சரக்கு வண்டிகள் எங்கே இருக்கின்றன என்பதை நாடு முழுவதும் கண்காணிக்கும் திட்டம்தான் அதன் கையில் முதலில் கொடுக்கப்பட்ட பெரிய வேலை. மிகப் பெரிய வேலை. அது பரவலாக நடைமுறைக்கு வர 2000-ம் ஆண்டையும் தாண்டிவிட்டது. ஒரு நகரத்து ஜன்னலில் ஆரம்பித்த வேலையோ சில ஆண்டுகளிலேயே பலனைக் கண்ணில் காட்டியது. பலன் கண்ணில் பட்டால், அடுத்த கட்டத்துக்குப் பணம் கேட்பதும் சுலபம். ஆட்களின் ஒத்துழைப்பும் கிடைக்கும்.

குமாஸ்தாவின் பயம்

எந்த இயந்திரம் வந்தாலும் ஊழியர் கேட்கும் முதல் கேள்வி: ‘‘என் வேலை என்ன ஆகும்?’’

அது நியாயமான கேள்விதான். 1960-களில் கல்கத்தாவில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் கம்ப்யூட்டர் கொண்டுவர முயன்றபோது ஊழியர்கள் பெரும் கிளர்ச்சி நடத்தினார்கள். அந்த நினைவு 1980-களிலும் ஆபீஸ்களில் மறையவில்லை.

ரெயில்வே ரிசர்வேஷனில் பேரேடு போயிற்று. ஆனால் ஜன்னலில் மனிதன் இருந்தான். பேனா பிடித்த அதே கை விசைப்பலகையைத் தட்டியது. தவிர, இந்த வேலையின் நெளிவு சுளிவெல்லாம் விதிப் புத்தகத்திலும் குமாஸ்தாவின் தலையிலும்தான் இருந்தன. பெண்களுக்கு எத்தனை இடம், அவசர கோட்டா எவ்வளவு, வழியில் கழற்றி வேறு வண்டியில் கோக்கும் பெட்டிக்கு எப்படி எண் போடுவது, எந்தச் சலுகைக்கு எந்தக் கழிவு என்று ஆயிரம் நுணுக்கம். இவற்றை விட்டுவிட்டுக் கணக்கெழுதினால் கம்ப்யூட்டர் முதல் நாளே தப்பு டிக்கெட் கொடுக்கும். வேலை தெரிந்தவனைக் கேட்காமல் போடும் திட்டம், சமையல்காரரைக் கேட்காமல் கட்டிய சமையற்கட்டு மாதிரி.

ஆனாலும் பழைய பயம் முழுவதும் வீண் என்று சொல்லிவிட முடியாது. இன்று முன்பதிவு டிக்கெட்டில் பெரும்பகுதி இன்டர்நெட் வழியாகவே போகிறது. ஜன்னலின் முக்கியத்துவம் குறைந்துதான் விட்டது. மாற்றம் ஒரேயடியாக வராமல் படிப்படியாக வந்ததால், ஊழியர்களுக்குக் கற்றுக்கொள்ளவும் இடம் மாறவும் அவகாசம் கிடைத்தது.

முடிந்தது, ஆனால் முடியவில்லை

ஐந்து மையங்களும் வந்துவிட்டன. வரிசை குறைந்தது. எந்த ஜன்னலிலும் டிக்கெட். அதிகாரிகள் கோப்பில் ‘‘முடிந்தது’’ என்று எழுதியிருக்கலாம்.

தாராவித் தொழிலாளியின் கேள்வி மட்டும் அப்படியே நின்றது. திரும்பி வர டிக்கெட்?

ஏனென்றால் ஐந்து மையங்களும் ஐந்து தீவுகள். பம்பாய்க் கம்ப்யூட்டருக்குப் பம்பாய்ப் பேரேடு தெரியும். சென்னைப் பேரேடு தெரியாது. கையால் எழுதிய காலத்துச் சிக்கல் புது வேஷத்தில் திரும்பி வந்துவிட்டது.

இதை உணர்ந்துதான் கிரிஸ் அமைப்பு ‘கன்செர்ட்’ என்ற புது முறையை எழுதியது. 1994-ல் செகந்திராபாத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. பிறகு மற்ற மையங்களிலும் அதையே வைத்து, ஒன்றோடொன்று இணைத்தார்கள். 1999-ல் ஐந்து மையங்களும் ஒரே வலையாயின. மும்பையில் நின்றுகொண்டு சென்னையிலிருந்து புறப்படும் வண்டிக்கு இடம் பிடிப்பது அப்போதுதான் சர்வ சாதாரணமாயிற்று.

1985-ல் தொடங்கி 1999 வரை பதினான்கு ஆண்டுகள்! இடையில் எந்தக் கட்டத்திலாவது ‘‘இது போதும்’’ என்று நிறுத்தியிருந்தால், மைத்துனருக்குக் கடிதம் எழுதும் வழக்கம் நின்றிருக்காது. வேலை முடிவது வேறு. காரியம் ஆவது வேறு.

இன்றைக்கும் டிக்கெட்டில் உள்ள பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணைப் பாருங்கள். முதல் இலக்கம் எந்த மையத்துப் பதிவு என்பதைக் காட்டும். எட்டு, ஒன்பது என்றால் மும்பை. நான்கு, ஐந்து என்றால் சென்னை. அந்த ஐந்து தீவுகளின் அடையாளம் இன்னும் நம் சட்டைப்பையில் இருக்கிறது.

அதன் பிறகும் வேலை தொடர்ந்தது. 2002-ல் இன்டர்நெட்டில் டிக்கெட் பதிவு வந்தது. ஆனால் அப்போது டிக்கெட் காகிதத்தில் அச்சாகி, கூரியரில் வீட்டுக்கு வரவேண்டும். 2005-ல்தான் நாமே அச்செடுத்துக்கொள்ளும் இ-டிக்கெட் வந்தது. ஒவ்வொரு படியும் முந்திய படியின் மேல்தான் ஏறியது.

தீராத பாதி

கவலை பாதி தீர்ந்தது என்று மேலே சொன்னோம். மீதிப் பாதி எது?

கம்ப்யூட்டர் இருக்கிற இடத்தை ஒழுங்காகப் பங்கு போடும். இல்லாத இடத்தை உண்டாக்காது. இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. பொங்கல், தீபாவளி வண்டிகளில் காலை 8 மணிக்குத் திறந்த சில நிமிஷங்களிலேயே காத்திருப்போர் பட்டியல் ஆரம்பித்துவிடுகிறது. போனில் விரைவாகத் தட்டத் தெரிந்தவருக்கு இடம். தெரியாதவர் ஏஜென்டுக்குப் பணம் கொடுக்கிறார். எதுவும் கிடைக்காதவர் முன்பதிவில்லாப் பெட்டியில், கழிப்பறை வாசலில் பையை வைத்து அதன்மேல் உட்கார்ந்து ஊர் போகிறார். பெட்டியும் வண்டியும் பாதையும் கூடினால்தான் அவருக்கு விடிவு. அதைச் செய்யவேண்டியது வேறு திட்டம். இந்தத் திட்டத்தின் தலையில் அந்தப் பழியைப் போட முடியாது. ஆனால் இரண்டும் ஒரே நோக்கத்துக்கு உரியவை என்பதை நிர்வாகம் மறக்கக்கூடாது.

நம் ஆபீஸில்...

ஆலையோ, வங்கியோ, துறைமுகமோ, எங்கே வேலை செய்தாலும் ஒரு நாள் மேலதிகாரி ஒரு புதுத் திட்டத்தைக் கையில் கொடுப்பார். புதுப் பதிவேடாக இருக்கலாம். புது சாப்ட்வேராக இருக்கலாம். ஸ்டோரில் சரக்கு அடுக்கும் புது முறையாக இருக்கலாம். அப்போது சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இது நம் நிறுவனத்தின் எந்த நோக்கத்துக்கு உதவுகிறது? ஒரே வரியில் சொல்ல முடியுமா? முதலில் எந்தச் சிறு இடத்தில் செய்து பார்க்கலாம்? இந்த வேலையை இருபது வருஷமாகச் செய்கிறவரைக் கேட்டாயிற்றா? முடிந்துவிட்டது என்பதை எதை வைத்துச் சொல்வது, கோப்பை வைத்தா, ஜன்னலுக்கு வெளியே நிற்பவரை வைத்தா? முடிந்த பிறகு இதைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்?

கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திறப்பு விழா நடக்கும், மாலை விழும், ஆறு மாதத்தில் இயந்திரத்தின் மேல் தூசி படியும். ரெயில்வே தனக்கென்று ஓர் அமைப்பை வைத்து ஆண்டுக்கணக்கில் பராமரித்ததால்தான் 1985-ல் போட்ட விதை இன்றும் காய்க்கிறது.

அந்தத் தாராவித் தொழிலாளியின் பேரன் இன்று, ஊருக்குப் போகிற டிக்கெட்டை எடுத்த கையோடு திரும்பி வருகிற டிக்கெட்டையும் எடுத்துவிட முடியும். இடம் இருந்தால் போதும். பொங்கலன்று பானை பொங்கும்போது, பட்டறையை நினைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.